செங்கல்பட்டு இருளரும் பாம்புத் தொழிலும்

செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் தோப்பு ஓரங்களிலும் காப்புக்காடுகளின் விளிம்பிலும் பத்துப் பதினைந்து குடிசைகளாகச் சேர்ந்து வாழும் பழங்குடியினர் இருளர். இப்பகுதியில் வில்லியர் என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய ஆறு சமூகங்களில் இருளரும் ஒன்று. மற்ற ஐவரான தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் பெரும்பாலும் நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் சார்ந்தவர்கள். செங்கல்பட்டு இருளரோ சமவெளிக்காரர்கள். நெல்வயலுக்கும் கடலுக்கும் நடுவே, ஊர்க்காரர்களின் கண்ணெதிரிலேயே வாழ்ந்து வந்தவர்கள்.

கண்ணெதிரில் வாழ்பவர்களைப் பற்றி ஊருக்கு உறுதியான கருத்துகள் இருக்கும். இருளர் பயந்த சுபாவம் உடையவர்கள், நாளைக்கென்று எதையும் எடுத்து வைக்காதவர்கள், ஓரிடத்தில் நிலைக்காதவர்கள், முன்பணத்தைக் கண்டால் மறுக்க மாட்டாதவர்கள் என்பவை அப்படிப்பட்ட கருத்துகள். பிறவியிலேயே ஒட்டிக்கொண்ட குணங்கள் போல இவை பேசப்படுகின்றன. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் இருளரின் பிழைப்பு மாறிய விதத்தை வரிசையாகப் பார்த்தால், இவற்றில் ஒவ்வொன்றும் எந்தச் சட்டத்தோடு, எந்தச் சந்தையோடு, எந்தக் கடனோடு சேர்ந்து வந்தது என்று காட்டிவிடலாம். சூழல் மாறிய இடத்தில் அதே மனிதர்கள், அதே கைத்திறனோடு, வேறுவிதமாக நடந்திருக்கிறார்கள். பாம்புத் தொழிலின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

இருளரின் பழைய பிழைப்பு பருவங்களை ஒட்டியது. அறுவடைக் காலத்தில் வரப்பு எலி பிடிப்பது முக்கியமான வேலை. எலி வளைக்கு வாசல்கள் பல இருக்கும். ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை மண்ணால் அடைத்துவிட்டு, அடியில் துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி, துளையில் வாய்வைத்து ஊதிப் புகையை வளைக்குள் செலுத்துவார்கள். மூச்சு முட்டிக் கிடக்கும் எலிகளைத் தோண்டி எடுக்கும்போது, அவை உள்ளே சேர்த்து வைத்திருக்கும் நெற்கதிரும் கிடைக்கும். எலி குழம்புக்கு ஆகும், நெல் கஞ்சிக்கு ஆகும், பயிரும் தப்பும். மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை விளக்கு வைத்துப் பிடிப்பார்கள். காட்டில் தேனும் கிழங்கும் மூலிகையும் எடுப்பார்கள். முட்டுக்காடு, கோவளம் போன்ற கழிமுகங்களில் பெண்கள் சேற்று நீரில் அமர்ந்தபடியே நகர்ந்து, இறாலைக் கையாலேயே தடவிப் பிடித்து, பல்லால் கவ்விய ஓலைப் பறியில் போடுவார்கள். இவற்றோடு ஊரார்க்கு நெல் குத்திக் கொடுப்பது, மாந்தோப்புக்கும் முந்திரித் தோப்புக்கும் காவல் இருப்பது போன்ற வேலைகளும் உண்டு.

சேர்த்து வைக்காத வழக்கம் இந்தப் பிழைப்பிலிருந்து வந்தது. ஈசலையும் இறாலையும் எலியையும் களஞ்சியத்தில் கொட்டி வைக்க முடியாது. கிடைத்ததை அன்றே பகிர்ந்து உண்பதும், இன்று தனக்குக் கிடைக்காவிட்டால் பக்கத்துக் குடிசையில் கிடைத்ததில் பங்கு பெறுவதும்தான் அங்கே சேமிப்பு. இடம் மாறுவதும் அப்படியே. எலி இருக்கும் வயல் மாதத்துக்கு மாதம் மாறும்போது, வீட்டைப் பெரிதாகக் கட்டி உட்கார்ந்திருப்பது அறிவுடைமை ஆகாது. நிலமும் களமும் உடைய உழவரின் அளவுகோலால் அளந்ததனால்தான் இது பொறுப்பின்மையாகத் தெரிந்தது.

1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று அறிவித்த இடங்களில் விறகு, தேன், வேர், வேட்டை அனைத்தும் அனுமதிக்குக் கட்டுப்பட்டன. செங்கல்பட்டின் காடுகள் பெரியவை அல்ல. குன்றுகளையும் அவற்றைச் சுற்றிய முட்புதர்களையும் கொண்ட துண்டு துண்டான காடுகள். அவை ஒவ்வொன்றாகக் காப்புக்காடு ஆனதும், முந்திய தலைமுறை பிழைப்பாகச் செய்தது அடுத்த தலைமுறைக்குக் குற்றமாயிற்று. காக்கி உடையைக் கண்டதும் புதருக்குள் ஒதுங்குவதும், கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டிவிட்டு நகர்வதும் பழக்கமாயின. விறகுக் கட்டோடு பிடிபட்டால் அபராதம் கட்டப் பணமும் இல்லை, எதிர்த்துப் பேசத் துணையாக ஒரு நிலக்காரரும் இல்லை என்ற நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நடந்திருப்பார்கள்.

அக்காலத்து ஆட்சியாளர்கள் இதை வேறுவிதமாக விளக்கினார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற நூலில் செங்கல்பட்டு இருளரைப் பற்றிய நீண்ட பதிவு உண்டு. அவர்களின் வழிபாடு, மூலிகை அறிவு, காட்டு வேலைகள் முதலியவற்றை அது பயனுள்ள முறையில் விவரிக்கிறது. ஆனால் தர்ஸ்டன் கையில் அளவுக் கருவியோடு சென்றவர். மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் அளந்து மக்களை வகைப்படுத்துவது அவருடைய முறை. ஒரு சமூகம் ஏன் இப்படி வாழ்கிறது என்பதற்கு அதன் உடலிலேயே விடை இருக்கும் என்ற நம்பிக்கை அந்த முறையின் அடியில் இருந்தது. அதே நம்பிக்கைதான் 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டத்திலும் இருந்தது. 1911இல் அந்தச் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டு, பிறந்த குடியை வைத்தே மனிதரைக் குற்றவாளி ஆக்கியது. மாகாணம் அதை 1947இல் கைவிட்டது.

இதே செங்கல்பட்டில் அரசு இதற்கு நேர் எதிரான கருத்தையும் செயல்படுத்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். 1876இன் சீர்திருத்தப் பள்ளிச் சட்டத்தின்படி, 1880களில் செங்கல்பட்டில் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. குற்றம் செய்த சிறுவனைச் சிறையில் பெரியவர்களோடு அடைத்தால் கெட்டுப்போவான். வேறு சூழலில் வைத்துப் படிப்பும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தால் மாறுவான் என்பது அதன் அடிப்படை. தனிச் சிறுவனின் நடத்தைக்குச் சூழலைக் காரணம் காட்டிய அரசு, சமூகங்கள் என்று வரும்போது பிறப்பைக் காரணம் காட்டியது. இரண்டாவது கருத்தால் எத்தனையோ பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சந்தேகத்தின் நிழலில் வாழ நேர்ந்தது. உள்ளூரில் திருட்டு நடந்தால் முதலில் இருளர் குடிசையைத் தட்டும் வழக்கம் சட்டம் போன பின்னும் போகவில்லை.

பாம்பு பிடிப்பது இருளரின் பழைய திறமை. ஆனால் பாம்பைக் கொல்வதைத் தொழிலாக்கியது 20ஆம் நூற்றாண்டின் சந்தை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைப்பை, காலணி, இடுப்பு வார் ஆகியவற்றுக்குப் பாம்புத் தோல் விருப்பமான பொருளாக ஆனது. தோல் பதனிடும் தொழில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த சென்னை அதன் பெரிய ஏற்றுமதி இடமாக வளர்ந்தது. சாரை, நாகம், கண்ணாடிவிரியன் ஆகியவற்றின் தோலை ஊர் ஊராக வந்து வாங்கிச் செல்ல வியாபாரிகள் இருந்தார்கள். இருளர் பாம்பைப் பிடித்து, கொன்று, உரித்துக் கொடுத்தார்கள். காட்டில் மற்ற வழிகள் அடைபட்டிருந்த காலத்தில் ரொக்கப் பணம் தந்த வேலை இது ஒன்றுதான். எவ்வளவு தோல் கொடுத்தாலும் வாங்க ஆள் இருந்ததால், எவ்வளவு பாம்பு கிடைத்தாலும் கொல்லப்பட்டது. கொழுத்த லாபம் பதனிடும் இடத்துக்கும் ஏற்றுமதியாளருக்கும் போயிற்று. உரித்தவர் கைக்குச் சில ரூபாய்கள் வந்தன.

இத்தனைக்கும் பாம்பு இருளருக்கு வெறும் சரக்கு அல்ல. அவர்கள் வணங்கும் கன்னியம்மனோடு பாம்பும் புற்றும் சேர்ந்தே வருகின்றன. வணங்குவதையே உரித்து விற்க நேர்ந்ததை முரண்பாடு என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. அன்றைய அடுப்பு எரிய வேண்டும் என்ற கட்டாயம் நம்பிக்கையை ஒதுக்கி வைக்கும், அழித்துவிடாது. அது அழியவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புகள் குறைந்து எலிகள் பெருகி வந்த நிலையில் அந்தத் தடை அவசியமானது. ஆனால் இருளர் குடும்பங்களுக்கு அது ஒரே நாளில் பிழைப்பைப் பறித்தது. தடை போட்டவர்கள் அவர்களுக்கென்று மாற்று வழி எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. திருட்டுத்தனமாகத் தோல் வாங்கியவர்கள் ஆபத்தைக் காட்டி விலையை இன்னும் குறைத்தார்கள். சட்டம் மட்டுமே வந்திருந்தால், செங்கல்பட்டில் பாம்புக் கொலை மறைவாகத் தொடர்ந்திருக்கும். இருளர் பெயரில் இன்னொரு குற்றமும் சேர்ந்திருக்கும்.

அந்த இடைவெளியில் நுழைந்தவர் ரோமுலஸ் விட்டேகர். 1943இல் நியூயார்க்கில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர். 1969இல் சென்னையை அடுத்த சேலையூரில் பாம்புப் பண்ணை தொடங்கினார். சில ஆண்டுகளில் அது கிண்டிக்கு மாறியது. செங்கல்பட்டுப் பகுதி இருளரோடு காட்டில் சுற்றியபோது அவர் கண்டது, தாம் புத்தகத்தில் படித்ததைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும் என்பதை. வரப்பு மண்ணில் மங்கலாகக் கிடக்கும் தடத்தைப் பார்த்துப் பாம்பு எது, எந்தப் பக்கம் போனது, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள். வளையின் வாய் வழவழப்பாக இருக்கிறதா, உரித்த சட்டை ஈரமாக இருக்கிறதா, எச்சம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். கையில் ஒரு கடப்பாரை, இடுப்பில் ஒரு துணிப்பை. அவ்வளவுதான் கருவி. கணவனும் மனைவியும் சேர்ந்து போவதும் உண்டு. பெண்களிலும் தேர்ந்த பாம்புபிடிக்காரர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் திறமை அழியாமலும் பாம்பு சாகாமலும் பிழைக்க ஒரு வழி இருந்தது. பாம்புக்கடிக்கு மருந்து செய்ய நஞ்சு வேண்டும். 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர்ட் கால்மெட் உருவாக்கிய முறைதான் இன்றும் அடிப்படை: நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவார்கள். நஞ்சு கிடைக்காவிட்டால் மருந்து கிடையாது. இந்தியாவில் பாம்புக்கடியால் இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார், வயலில் இறங்குபவர்கள்.

விட்டேகரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையின் வளாகத்தில் அதன் நஞ்சு எடுக்கும் நிலையம் அமைந்தது. உறுப்பினர்கள் இருளர், மேற்பார்வை மாநில அரசின் தொழில் துறையிடம், எந்தப் பாம்பை எத்தனை பிடிக்கலாம் என்ற அனுமதி வனத்துறையிடம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு மட்டுமே பிடிக்கப்படுகின்றன. நாட்டில் மனித உயிரை அதிகம் குடிப்பவை இவை நான்கும்தான். பிடித்து வரும் பாம்பு, வாய் துணியால் கட்டிய மண்பானையில் மூன்று நான்கு வாரம் வைக்கப்படும். வாரத்துக்கு ஒரு முறை நஞ்சு எடுக்கப்படும். பிறகு வயிற்றுச் செதில் ஒன்றின் ஓரத்தைக் கத்தரித்து அடையாளம் இட்டு, மனித நடமாட்டம் இல்லாத இடத்தில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி சிக்கினால், கத்தரித்த செதில் வளரும் வரை யாரும் தொடுவதில்லை. எடுத்த நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டு மருந்து உற்பத்தியாளர்களுக்குப் போகிறது. இந்தியாவில் பாம்புக்கடி மருந்துக்குப் பயன்படும் நஞ்சில் மிகப் பெரும்பங்கு பல ஆண்டுகளாக இந்த ஒரே இடத்திலிருந்து சென்றிருக்கிறது.

பாம்பு பிடிப்பவரின் நடத்தையில் இதனால் ஏற்பட்ட மாற்றம் நுணுக்கமானது. தோல் வியாபாரத்தில் செத்த பாம்புக்குத்தான் விலை. சங்கத்தில் உயிருள்ள, பல் உடையாத, முதுகெலும்பு நசுங்காத பாம்புக்கே விலை. எனவே கையாளும் முறையே மாறியது: அடித்து மயக்குவது போய், வாலைப் பிடித்து, கவனமாகத் தூக்கி, பைக்குள் தானாகவே நுழையும்படி செய்வது வந்தது. தோல் காலத்தில் இன்று கண்ட பாம்பை இன்றே கொல்லாவிட்டால் நாளை வேறொருவர் கொன்றுவிடுவார். அடையாளமிட்டுத் திருப்பி விடும் முறையிலோ, காட்டில் இருக்கும் பாம்பு அடுத்த ஆண்டுக்கான வருமானம். நாளைக்கென்று வைக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லப்பட்ட மக்கள், நாளை தங்களுடையது என்ற உறுதி கிடைத்த மாத்திரத்தில், காட்டிலேயே சேமிக்கத் தொடங்கினார்கள். கன்னியம்மன் மீதான பழைய நம்பிக்கையும் மறுபடி தன் இடத்துக்கு வந்தது. பாம்பை விடும்போது கும்பிட்டு விடுபவர்கள் உண்டு.

பயன் தரும் உயிரைக் காக்கும் இந்தப் போக்கு இருளருக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு அதே மாவட்டத்தில் வேடந்தாங்கல் சாட்சி. அந்த ஊரார் ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம். அந்த லாபம் அவர்களுக்குக் கண்கூடு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்கும்படி அவர்கள் ஆட்சியரிடம் முறையிட்டு உரிமைச் சாசனம் பெற்றார்கள். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் என்று இன்று அது பாராட்டப்படுகிறது. உயிரினத்தைக் காப்பதற்கும் அழிப்பதற்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் அங்கே வாழ்பவருக்கு அதில் உள்ள பங்குதான். பங்கு தராமல் அன்பை மட்டும் கேட்கும் சட்டங்கள் காட்டில் வேலை செய்வதில்லை.

எலி பிடிப்பதிலும் இதே போன்ற முயற்சிகள் நடந்தன. நச்சு மருந்து தெளிப்பதற்கு மாற்றாக இருளரைக் கொண்டு வயல் எலிகளைப் பிடிக்கும் திட்டம் 1980களில் செய்து பார்க்கப்பட்டது. மண்பானையில் ஊதும் முறை கையையும் உதட்டையும் சுடும், நுரையீரலைக் கெடுக்கும். 2000களின் தொடக்கத்தில் கையால் சுழற்றிப் புகை செலுத்தும் எஃகுக் கருவி வந்தது. 1986இல் தண்டரையில் இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம் உருவாகி, மூலிகை வளர்ப்பையும் மருந்து தயாரிப்பையும் பெண்களின் கையில் கொடுத்தது.

ஆனால் பாம்புச் சங்கத்தின் உறுப்பினர்கள் சில நூறு பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர் ஏறத்தாழ 1.9 லட்சம். சங்கத்துக்கு வெளியே இருந்தவர்களின் கதை வேறு. தோல் ஏற்றுமதி தடை வந்த அதே 1976இல்தான் நாட்டில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. முதல் சட்டத்தின் பின்னால் இரண்டே ஆண்டில் ஒரு சங்கம் வந்து நின்றது. இரண்டாவது சட்டத்தின் பின்னால் அப்படி எதுவும் வரவில்லை. காடும் போய், தோலும் போய், நிலமும் இல்லாத இருளர் குடும்பங்கள் செங்குன்றத்து அரிசி ஆலைகளுக்கும், செங்கற் சூளைகளுக்கும், சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டவும் சென்றார்கள்.

அங்கே செல்லும் வழி முன்பணம். கலியாணம், பிரசவம், சாவு, மழைக்காலப் பட்டினி ஆகியவற்றில் ஏதோ ஒன்றுக்கு வாங்கிய சில ஆயிரம் ரூபாய் குடும்பம் முழுவதையும் கட்டிப்போட்டது. ஆலையில் நெல் அவிப்பதும், களத்தில் கொட்டிக் காலால் துழாவி உலர்த்துவதும், மழை மேகம் கண்டால் நள்ளிரவிலும் எழுந்து அள்ளுவதும் கணவன், மனைவி, பிள்ளை எல்லாருக்கும் வேலை. கூலியில் முன்பணம் கழியும், ஆனால் தீராது. உறவுக்காரர் சாவுக்குப் போக வேண்டுமென்றால் ஒருவர் பிணையாக இருந்துவிட்டு மற்றவர் போய் வர வேண்டும். வட்டிக் கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும்; படிக்கத் தெரிந்தவர் யாரும் குடிசையில் இருக்க மாட்டார். இத்தகைய இடத்தில் பத்து ஆண்டு வாழ்ந்த குடும்பத்தில் பிள்ளைகள் பள்ளியை அறியாமல் வளர்வதும், பெரியவர்கள் நிமிர்ந்து பார்த்துப் பேசாததும், கேள்வி கேட்பதையே மறந்துபோவதும் நடக்கின்றன.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். பெரும்பாலோர் இருளர், சிறுவர்களும் அவர்களில் இருந்தார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிடும் படம் நாடெங்கும் வெளியானது. அந்த வணக்கத்தை இருளரின் இயல்பான பணிவு என்று எடுத்துக்கொள்வது பெரிய பிழை. காட்டில் நல்ல பாம்பின் வாலைப் பிடித்துத் தூக்கும்போது கை நடுங்காத அதே மக்கள்தாம் இவர்கள். அதிகாரம் உள்ளவர் முன்னால் விழுந்தால்தான் பிழைக்கலாம் என்று அவருக்குப் பல ஆண்டுகள் கற்பித்தது அந்தத் தோப்பு.

விடுதலைச் சான்றிதழ் கொடுத்த பின் வருவதுதான் கடினமான பகுதி. 2016இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் ஆண்களுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் என்று நிர்ணயித்தது. ஆனால் முழுத் தொகையும் வழக்கில் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருந்தது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. வீடு, பட்டா, வேலை என்ற மூன்றும் கிடைக்காத இடத்தில் மீட்கப்பட்டவர்கள் மறுபடி முன்பணம் வாங்குகிறார்கள். இதைப் பார்த்து, இவர்களுக்கு அடிமைத்தனம் பழகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. பழகியது பசிக்கு வேறு கதவு இல்லாத நிலை. கதவு திறந்த இடத்தில், தோப்பிலோ ஆலையிலோ இருந்து வந்தவர்கள் சொந்தமாகச் சூளை போட்டதையும், விறகு வெட்டும் ஒப்பந்தத்தைத் தாங்களே எடுத்ததையும் மீட்புப் பணியில் இருப்பவர்கள் கண்டிருக்கிறார்கள்.

காகிதம் இன்னொரு சூழல். பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்க முடியாது. கோட்டாட்சியர்தான் விசாரித்து வழங்க வேண்டும். பெற்றோரிடம் சான்று இல்லாத பிள்ளைக்கு அது எட்டாக்கனி. சான்று இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, இடஒதுக்கீடு இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோகும். இருளர் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று பள்ளிப் பதிவேடு சொல்வதன் பின்னால் பல வீடுகளில் இப்படி ஒரு கிடைக்காத காகிதம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோதும் இதுதான் நடந்தது. நிவாரணம் மீனவ ஊர்ப் பட்டியல்களின் வழியே சென்றதால், கழிமுகத்தில் கையால் இறால் பிடித்து வாழ்ந்த இருளர் பல இடங்களில் கணக்கிலேயே வரவில்லை. 2021இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் ஒரு நரிக்குறவப் பெண்ணுக்கு இடம் மறுக்கப்பட்ட செய்தி பரவிய பின், அவ்வாண்டு தீபாவளி நாளில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அருகிலுள்ள பூஞ்சேரிக்குச் சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார். பல பத்தாண்டுகள் எட்டாதிருந்தவை சில நாட்களில் எட்டின. முன்பு அவை எட்டாததற்கு அந்தக் குடும்பங்களின் அறியாமை காரணமல்ல என்பது அன்று யாருக்கும் விளங்கியிருக்கும்.

ஆண்டு முழுவதும் இப்படிச் சிதறிக் கிடக்கும் இருளர் ஒன்றுகூடும் இடம் மாமல்லபுரம் கடற்கரை. மாசி மாதப் பௌர்ணமியை ஒட்டி, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் வந்து, மணலில் குச்சி நட்டுப் புடவையைச் சுற்றித் தங்குகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட கன்னியம்மனை மறுபடி அழைக்கவே அங்கு கூடுவதாக அவர்களின் நம்பிக்கை. விடியற்காலையில் கடலோரம் மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் பொரியும் வைத்து வணங்குகிறார்கள். பூசாரி அவர்களில் ஒருவர். அருள் வந்து ஆடுபவரும் அவர்களில் ஒருவர். குழந்தைக்குப் பெயர் வைப்பது, முடி இறக்குவது, காது குத்துவது, பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது, தாலி கட்டுவது எல்லாம் அந்த மணலிலேயே நடக்கின்றன. ஊர்த் தெருவில் ஓரமாக நடப்பவர்கள் இங்கே நடுவில் நடக்கிறார்கள், உரக்கப் பேசுகிறார்கள், பஞ்சாயத்துச் சொல்கிறார்கள், பாடுகிறார்கள். பயந்த சுபாவம் என்பது மேலதிகாரியும் முதலாளியும் இல்லாத இடத்தில் இரண்டே நாளில் உதிர்ந்துவிடுகிறது. சமூகச் சூழல் மனிதரை என்ன செய்கிறது என்று அறிய விரும்பும் ஆய்வாளருக்கு, அரிசி ஆலைக் களத்தையும் மாசி மகத்துக் கடற்கரையையும் ஒருசேரப் பார்ப்பதைவிடச் சிறந்த பாடம் இந்தப் பகுதியில் இல்லை.

பாம்புச் சங்கத்தின் திறமை கடல் கடந்தும் சென்றது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலச் சதுப்பு நிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, உள்ளூர் விலங்குகளை அழித்து வந்தன. 2017 ஜனவரியில் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர் அங்கே அழைக்கப்பட்டார்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளம். அந்த நிலம் அவர்களுக்குப் புதியது. தடம் பார்க்கும் அறிவு போதுமானதாக இருந்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இதே அறிவுதான் தோல் காலத்தில் சில ரூபாய்க்கு விலைபோனது. வன அதிகாரியின் பார்வையில் குற்றத்துக்குச் சான்றாகவும் இருந்தது.

இப்போது சங்கத்தின் முன் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்று அனுமதி. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்ற உத்தரவு தாமதமானாலோ எண்ணிக்கை குறைந்தாலோ அந்தப் பருவத்தின் வருமானம் போய்விடும்; சங்கம் தந்த உறுதியும் அதோடு குலையும். தமிழ்க் கடற்கரையில் எடுத்த நஞ்சைக் கொண்டு செய்த மருந்து, நாட்டின் வேறு பகுதிகளில் வாழும் அதே இனப் பாம்பின் கடிக்குப் போதிய பலன் தராமல் போகலாம் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், மற்ற மாநிலங்களிலும் நஞ்சு நிலையங்கள் வேண்டும் என்ற குரல் எழுந்துள்ளது. அது மருத்துவத்துக்கு நல்லது. அங்கெல்லாம் பயிற்றுவிக்க ஏற்றவர்கள் இருளரே.

இரண்டாவது, அடுத்த தலைமுறை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை விடியலில் தாத்தாவோடு காட்டுக்குப் போவதில்லை. தடம் பார்க்கும் அறிவு புத்தகத்தில் இல்லை. பத்து வயதிலிருந்து கூட நடந்தே கற்க வேண்டியது. வடநெம்மேலியைச் சுற்றிய புதர்க்காடுகளும் மனைகளாகிவிட்டன; கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் மதில்கள் எழுந்துவிட்டன. இருளர் இளைஞர்களில் சிலர் கட்டட வேலைக்கும், சிலர் தொழிற்பேட்டைகளுக்கும், சிலர் கல்லூரிக்கும் செல்கிறார்கள். சங்கத்தில் தொடர்ந்து பாம்பு பிடிக்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தவர்கள்.